கடையில் ஒருவர், வேலை ஐந்து பேருக்கு
தனி ஆளாகத் தொழில் நடத்தும் நம் சகோதர சகோதரிகளுக்கு



நம் ஜமாஅத்தில் தனி ஆளாகத் தொழில் நடத்துபவர்கள் ஏராளம். டீக்கடை, மளிகை, கறிக்கடை, செல்போன் பழுது பார்ப்பவர், தையல் மெஷினோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், வீட்டிலேயே சமோசா போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரி என்று வரிசை நீளும். இவர்களில் பலர் நம் அறக்கட்டளையில் அழகிய கடன் பெற்றுத் தொழில் தொடங்கியவர்கள். அல்ஹம்துலில்லாஹ், உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறோம். மாதம் என்ன மிஞ்சுகிறது? வெளியிலிருந்து உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு? நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எல்லாம் மனசுல இருக்கு பாய்" என்பதுதான்.

மனதில் இருப்பது தவறான கணக்கு என்று நாம் சொல்லவில்லை. பல நேரங்களில் அது ரூபாய் பிசகாமல் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவர் படிக்க முடியாது. அவர் காய்ச்சலில் படுத்தாலும், உம்ராவுக்குப் போனாலும், அல்லாஹ்வின் அழைப்பு வந்தாலும் கடையோடு சேர்த்துக் கணக்கும் பூட்டப்பட்டுவிடும். தனி ஆள் தொழிலின் பெரிய பலவீனம் இதுதான். இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஒரு நோட்டும், நாளுக்குக் கால் மணி நேரமும் போதும்.

கூப்பிடும் வேலை, கூப்பிடாத வேலை

பெரிய கடையில் கொள்முதலுக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர், கல்லாவுக்கு ஒருவர், கணக்கெழுத ஒருவர், வசூலுக்கு ஒருவர் இருப்பார்கள். தனிக் கடையில் இந்த ஐந்து பேரும் ஒரே ஆள். அவரே வீட்டில் கணவர், பிள்ளைகளுக்கு அத்தா, வயதான பெற்றோருக்கு மகன்.

இந்த வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும். சில வேலைகள் நம்மைக் கூப்பிடும். வாடிக்கையாளர் வந்து நின்று "பாய், கால் கிலோ சீனி" என்பார். சரக்கு தீர்ந்தால் காலி டப்பா கண்ணில் படும். வாடகை நாள் வந்தால் கட்டட உரிமையாளர் போன் செய்வார். மற்ற சில வேலைகள் கூப்பிடவே மாட்டா. கணக்கு எழுதுவது, பாக்கி கேட்பது, சரக்கை எண்ணிப் பார்ப்பது, உரிமங்களைப் புதுப்பிப்பது ஆகியவை இன்று செய்யாவிட்டாலும் இன்று எதுவும் ஆகாது. அதனால்தான் தனி ஆள் கடையில் இவை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போகின்றன.

தள்ளிப் போட்டவை ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும். மொத்த வியாபாரி சரக்கு தர மறுக்கும் நாளிலோ, வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும் நாளிலோ தான் அது பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே, கூப்பிடாத வேலைகளுக்கு நாமே நேரம் குறித்து வைக்க வேண்டும்.

நேரத்தை எங்கே எடுப்பது?

நமக்கு அல்லாஹ் நாளை ஐந்து வக்துகளாகப் பிரித்தே கொடுத்திருக்கிறான். அதையே கடையின் கால அட்டவணையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஃபஜ்ருக்குப் பின் மனம் தெளிவாக இருக்கும். அன்றைய கொள்முதல் பட்டியலை அப்போது எழுதுங்கள். இஷாவுக்குப் பின் கடை அடைக்கும்போது பதினைந்து நிமிடம் அன்றைய கணக்குக்கு. பகலில் கணக்கு எழுத உட்காராதீர்கள். ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், இரண்டும் கெடும்.

வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு எப்படியும் கடை அடைக்கிறோம். ஜும்ஆ அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் அதே அத்தியாயம், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. தொழுதுவிட்டு வந்து, கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம் அந்த வாரத்தின் பாக்கிப் பட்டியலைப் பாருங்கள். யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று குறியுங்கள்.

எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஒரே தெருவில் நான்கு கடைக்காரர்கள் தனித்தனியாக மார்க்கெட்டுக்கு ஓடுகிறார்கள். நால்வரும் பட்டியல் கொடுத்து, முறை வைத்து ஒருவர் போய் ஒரே லோடு ஆட்டோவில் சரக்கு கொண்டுவந்தால் மற்ற மூவருக்கும் அன்றைய காலை மிச்சம். வண்டி வாடகையும் பங்காகும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகர். அவர்கள் சிரியாவுக்குத் தாமே போகவில்லை. நம்பிக்கைக்குரியவரிடம் சரக்கை ஒப்படைத்து அனுப்பினார்கள். நம்பி ஒப்படைப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

கல்லாப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு

தனிக் கடைகள் பல, விற்பனை குறைந்து மூடப்படுவதில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே மெல்லக் கரைந்து போகின்றன. எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடையில் நாளொன்றுக்கு 6,000 ரூபாய் விற்பனை. சராசரியாக நூற்றுக்குப் பத்து ரூபாய் கிடைக்கிறது என்று வைத்தால் வரவு 600. கடை வாடகை மாதம் 4,500 என்றால் நாளுக்கு 150. மின்சாரம், பை, வண்டிச் செலவு நாளுக்கு 50. மிஞ்சுவது 400. ஆனால் வீட்டுக்குக் காய்கறி, பால், பிள்ளைகளின் பஸ் செலவு என்று கல்லாவிலிருந்து நாளுக்கு 550 எடுக்கிறார். 150 ரூபாய் கூடுதல். மாதத்துக்கு 4,500. வருடத்துக்கு 54,000. அவர் ஒன்றரை லட்சம் முதல் போட்டிருந்தால், ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இது அவருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கல்லா ஒருநாளும் காலியாக இருப்பதில்லை என்பதுதான். விற்ற 6,000 ரூபாயும் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் 5,400 ரூபாய் சரக்கு வாங்கிய முதல் என்பது தெரிவதில்லை. அலமாரியில் விழும் இடைவெளியை மொத்தக் கடையில் கடன் வாங்கி நிரப்புகிறார். இரண்டாவது வருடம் கடையில் இருக்கும் சரக்கில் பெரும்பகுதி அவருடையதே அல்ல, மொத்த வியாபாரியுடையது.

தீர்வு எளிது. உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் வையுங்கள். மேற்சொன்ன கடைக்காரரின் சம்பளம் 400 ரூபாய்க்குள்தான் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். "கடைல நாளைக்கு இவ்வளவுதான் நிக்குது" என்று மனைவிக்குத் தெரிந்தால் அதற்குள் குடும்பம் நடத்த அவரே வழி பார்ப்பார். தெரியாதபோதுதான் கடை நன்றாக ஓடுகிறது என்று நினைத்துச் செலவு கூடுகிறது. வீட்டுக்கு எடுக்கும் சோப்பும் எண்ணெயும்கூட நோட்டில் ஏற வேண்டும்.

இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. விற்பனையில் பாதி ஜிபே, போன்பே வழியாக வருகிறது. அந்தப் பணம் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் விழுந்து பள்ளிக் கட்டணமாகவும் நகைச் சீட்டாகவும் போய்விடுகிறது. கியூஆர் அட்டைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ரொக்கம் எவ்வளவு, போனில் வந்தது எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் வாரா வாரம் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் கட்டும்போது கை கடிக்காது.

கடன் நோட்டு

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணை குறிக்கச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது, சிறியதோ பெரியதோ எழுதுவதற்குச் சடைய வேண்டாம் என்கிறது. "நமக்குள்ள எதுக்கு எழுத்து?" என்று கேட்பவர்களுக்கு அல்லாஹ்வின் பதில் அங்கே இருக்கிறது. எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளம் அல்ல. நாளை இருவருக்கும் மனக்கசப்பு வராமல் காப்பது.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, பொருள், தொகை, வாங்கியவர் கையெழுத்து. துண்டுச் சீட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம், சிகரெட் அட்டை ஆகியவை நோட்டு ஆகா. அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டியதை எழுதுங்கள். வர வேண்டியதை எழுதும் பலர், தர வேண்டியதை எழுதுவதில்லை. ஆகிரத்தில் நம்மிடம் கேட்கப்படப் போவது இரண்டாவதுதான்.

தனி ஆளுக்கு இல்லை என்று சொல்வது கடினம். கேட்டு நிற்பவர் மச்சானாக இருப்பார், பக்கத்து வீட்டு மாமியாக இருப்பார். அதனால் எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். நம் அறக்கட்டளையில் கடன் பெற்றவர்கள் தாராளமாக எங்கள் மேல் பழியைப் போடலாம்: "டிரஸ்ட்ல மாசாமாசம் கணக்குக் காட்டணும் மச்சான், இதுக்கு மேல எழுத முடியாது." இது பொய்யும் அல்ல, நாங்கள் கணக்குக் கேட்கத்தான் செய்கிறோம்.

உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும், விட்டுக்கொடுத்தால் அது நமக்கே நல்லது என்பதும் அதே அத்தியாயத்தின் 280ஆவது வசனத்தின் கருத்து. ஆனால் விட்டுக்கொடுக்கவும் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! நோட்டில் இருந்தால்தான் மனமறிந்து விட்டுக்கொடுத்த நன்மை கிடைக்கும். இல்லாவிட்டால் அது மறதியில் போன பணம்தான்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

இவர்கள் செய்யும் கணக்குப் பிழை வேறு வகையானது. தங்கள் உழைப்பையும் அடுப்பையும் விலையில் சேர்ப்பதில்லை. நூறு சமோசாவுக்கு மாவு, எண்ணெய், உள்ளீடு 250 ரூபாய். 5 ரூபாய் வீதம் விற்றால் 500. "பாதிக்குப் பாதி லாபம்" என்று தோன்றும். கேஸ் 30, பை 20 கழித்தால் 200. நான்கு மணி நேர வேலை என்றால் மணிக்கு 50 ரூபாய். இதைத் தெரிந்துகொண்டு அந்த விலைக்குச் சம்மதித்தால் சரி. தெரியாமலே தெரிந்தவர் என்பதற்காக 4 ரூபாய்க்குக் கொடுத்தால், நான்கு மணி நேரம் அடுப்பில் வெந்ததற்குக் கிடைப்பது 100 ரூபாய்தான்.

ஆர்டர் எடுக்க ஒரு நேரம் வையுங்கள். பெருநாள் தையலுக்குக் கடைசித் தேதியைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். முன்பணம் வாங்குவதில் வெட்கப்பட வேண்டாம். துணி வெட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. வருமானம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேரட்டும். மனைவியின் சம்பாத்தியம் அவருக்கே உரியது என்பது மார்க்கச் சட்டம்.

காகிதங்கள்: ஒரே கோப்பில்

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கும்போது, நமக்கு இது அபராதத்துக்குப் பயந்து செய்யும் வேலை மட்டும் அல்ல. உணவுப் பொருள் விற்பவர்கள், வீட்டில் சமைத்து விற்பவர்கள் உட்பட, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதார் எண் தேவை. அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். சரக்கு விற்பவர்களுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பலர் லாபத்தைக் கணக்கிட்டு "நமக்கு இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது லாபத்தை அல்ல, மொத்த விற்பனையை.

எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் வைத்து, அட்டையின் மேல் எது எந்த மாதம் முடிகிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஜகாத் கணக்கு. பலர் ரமலானில் பார்க்கிறார்கள். கடையின் பிரிட்ஜ், தராசு, அலமாரிக்கு ஜகாத் இல்லை; விற்பனைச் சரக்குக்கு உண்டு. சரக்கின் அன்றைய மதிப்பு 1,20,000, கையிலும் வங்கியிலும் 30,000, வரும் என்று உறுதியான பாக்கி 20,000 என்றால் மொத்தம் 1,70,000. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 50,000 என்றால் அதைக் கழித்து 1,20,000. நிஸாபை எட்டி ஒரு வருடம் ஆகியிருந்தால் இரண்டரை சதவீதம் 3,000 ரூபாய். கடனைக் கழிப்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிஸாபின் அளவையும் இதையும் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவாவது வருடம் ஒருமுறை சரக்கை எண்ணுவது, கடைக்கே பெரிய பரக்கத்.

நாம் இல்லாத நாளுக்காக

இதுவரை சொன்னதெல்லாம் இதற்காகத்தான். தனி ஆளாகத் தொழில் நடத்திய ஒருவர் திடீரென வஃபாத்தானால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில். கடை பூட்டிக் கிடக்கிறது. அழுகும் சரக்கு அழுகுகிறது. வாடகை அட்வான்ஸிலிருந்து மாதா மாதம் கழிகிறது. கொடுக்க வேண்டியவர்களில் சிலர் தாமாக வந்து கொடுக்கிறார்கள். சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். "உங்க அத்தா எனக்கு இவ்வளவு தரணும்" என்று ஒருவர் வந்து நிற்கும்போது உண்மையா பொய்யா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மறுத்தால் தந்தையின் கழுத்தில் கடன் நிற்குமோ என்ற அச்சம். கொடுத்தால் யத்தீம்களின் பணம் போகிறது.

மார்க்கத்தில் இறந்தவரின் சொத்துக்கு வரிசை உண்டு. அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகள். கடன் எவ்வளவு என்று தெரியாமல் பாகம் எப்படிப் பிரிப்பது? ஜனாஸாவைக் கொண்டுவந்தபோது இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததும், வஸிய்யத் செய்ய ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று அறிவுறுத்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன.

ஆகவே ஒரே ஒரு தாள் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. பிறருக்கு நாம் தர வேண்டியது: பெயர், தொகை, எதற்காக.
2. நமக்கு வர வேண்டியது: கடன் நோட்டு எங்கே இருக்கிறது.
3. கடை வாடகை, அட்வான்ஸ் தொகை, ஒப்பந்தப் பத்திரம் இருக்கும் இடம்.
4. வங்கிக் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் நாமினி யார்.
5. கட்டிவரும் சீட்டு, தவணைகள்.
6. நம்மிடம் பிறர் கொடுத்து வைத்த அமானிதப் பொருட்கள். தைக்கக் கொடுத்த துணியும், பழுது பார்க்க வந்த போனும் இதில் சேரும்.
7. இரண்டு நாள் கடையைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர் யார்.

நாமினி என்பவர் வங்கியில் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். பணம் முழுவதும் அவருக்கே என்று ஆகிவிடாது. இதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுங்கள். அது இருக்கும் இடம் மனைவிக்கோ, மூத்த பிள்ளைக்கோ, நம்பிக்கையான சகோதரருக்கோ தெரிய வேண்டும். ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

வஃபாத் வரை போக வேண்டாம். மஞ்சள் காமாலையில் பதினைந்து நாள் படுத்தால்கூட இந்தத் தாள் உதவும். படுக்கையில் இருந்தபடியே "நோட்டுல மூணாம் பக்கம் பாரு" என்று மகனிடம் சொல்லலாம்.

இதை ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது. முதல் வாரம் இரவுக் கணக்கு மட்டும் எழுதுங்கள். இரண்டாம் வாரம் கடன் நோட்டைச் சீராக்குங்கள். மூன்றாம் வாரம் கோப்பு. நான்காம் வெள்ளிக்கிழமை அந்த ஒரு தாள்.

கணக்கு எழுதத் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். நம் அலுவலகத்துக்கு நோட்டோடு வந்தால் முதல் பக்கத்தை உடனிருந்து எழுதித் தருகிறோம். நம்மிடம் கடன் பெற்றவர்தான் வர வேண்டும் என்பதில்லை. கடன் பெற்றவர்களில் யாருக்காவது இந்த மாதத் தவணை சிரமம் என்றால் தேதிக்கு முன்பே வந்து சொல்லுங்கள். அவகாசம் தருவதற்குத்தான் இந்த நிதியே இருக்கிறது. சொல்லாமல் ஒதுங்கிப் போகாதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. பிறருக்குக் கடன்பட்ட நிலையில் நம்மை அவன் பக்கம் அழைத்துக்கொள்ளாமல் இருப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்